பஞ்ஜி ஜம்ப்பும் சாக்குக் கழிவும்

இருபத்தெட்டு வருஷமாக நான் ஒரு கொடுமைக்காரி. எனக்கே இது போன மார்கழியில்தான் தெரிந்தது.

மொட்டை மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். பெட்ஷீட்டுக்கு அந்தப் பக்கம் என் வீட்டுக்காரர் போனில் பேசிக்கொண்டிருந்தார். பெயர் சின்னராஜ். வயது ஐம்பத்து மூன்று. போளூரில் வேர்க்கடலை மண்டி வைத்திருக்கிறார். பரணிலிருந்து பெருமாள் பூஜை சொம்பை எடுக்கச் சொன்னால், ஸ்டூலை இரண்டு பேர் பிடிக்க வேண்டும். மூன்றாவது ஆள் அவரைப் பிடிக்க வேண்டும். அப்பேர்ப்பட்ட வீரர் என்ன சொன்னார் தெரியுமா?

"டேய் பாலமுருகா, நான் எப்பவோ ரெடிடா. ஜவ்வாது மலை இன்னா, இமயமலைலேர்ந்துகூட குதிப்பேன். ஆனா வூட்ல வுடணுமே! அவ ஒரு மாதிரிடா. கான்வென்ட்ல படிச்சவ. எல்லாத்துக்கும் ரூல்ஸு. கோவாவுக்கு அன்னிக்கி வுட்டாளா? படகு ஓட்டப் போனீங்களே, அதுக்கு வுட்டாளா? இதுக்கும் வுட மாட்டா. என் தலையெழுத்து."

கோவாவா? எந்த கோவா? என்னிடம் யார் கேட்டார்கள்? கேட்டிருந்தால் நானே பெட்டி கட்டி, பல்பொடி முதல் பனியன் வரை வைத்து, ரயில் ஏற்றிவிட்டு வந்திருப்பேன். நாலு நாள் சமையல் மிச்சம்.

இவருடைய பத்தாம் வகுப்புச் சிநேகிதர்கள் 'எண்பத்தெட்டு பேட்ச்' என்று ஒரு வாட்ஸப் குழு வைத்திருக்கிறார்கள். கல்யாணங்களில் என்னைப் பார்த்தால் அந்தக் கூட்டம் ஏன் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறது என்று நான் எத்தனையோ தடவை யோசித்ததுண்டு. விஜயராஜ் என்று ஒருவர் என்னைக் கண்டால் வாயிலிருக்கும் பீடாவைக்கூட விழுங்கிவிடுவார். அவர் மனைவி புவனா ஒரு தடவை என்னை மேலும் கீழும் பார்த்து, "பாத்தா அப்பிடித் தெரியலீங்களே" என்றாள். எப்படித் தெரியவில்லை என்று அன்றைக்கு எனக்கு விளங்கவில்லை. இப்போது விளங்கியது. வீரம் அவருக்கு, வில்லத்தனம் எனக்கு. பங்கு பிரித்த அழகைப் பாருங்கள்!

கோபம் வந்தால் பத்து வரை எண்ண வேண்டும் என்று கான்வென்ட்டில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். எண்ணினேன். கோபம் போகவில்லை. பதிலுக்கு ஒரு திட்டம் வந்தது.

அன்று சாயங்காலம் தோசை சாப்பிடும்போது அவரே ஆரம்பித்தார்.

"ரேணு, ஒரு விசயம். நீ கத்தக் கூடாது."

"கத்தல. சொல்லுங்க."

"எங்க பேட்ச்சுல ஆறு பேரு தை மாசம் ஜவ்வாது மலைக்குப் போறோம்."

"போய்ட்டு வாங்க."

"சும்மா போவலமே. பங்கி ஜம்ப்பு. கால்ல கவுறு கட்டிக்கினு நூத்தம்பது அடிலேர்ந்து தலைகீழா குதிக்கணும்."

"பஞ்ஜி."

"இன்னா?"

"அதுக்குப் பேரு பஞ்ஜி. சட்னி வெக்கட்டா?"

அவர் என் முகத்தை உற்றுப் பார்த்தார். காது கேட்கவில்லையோ என்று சந்தேகம் போல. குரலைக் கொஞ்சம் உயர்த்தினார்.

"உசுருக்கே ஆபத்தாம். கண்ணுல ரத்தம் கட்டிக்குமாம். கழுத்து திருகிக்குமாம். ஒரு ஊர்ல கவுறே..."

"தாராளமா போய்ட்டு வாங்க."

வாயருகே போன தோசைத் துண்டு அங்கேயே நின்றது.

"வேணாம்னா சொல்லிடு ரேணு. இப்பவே பாலமுருகனுக்குப் போன் போட்டு கேன்சல் பண்ணிடறேன். உன் மனசு கஷ்டப்பட்டு எனக்கு ஒரு சந்தோஷம் வேணாம்."

"என் மனசு நல்லாத்தான் இருக்கு. இன்னொண்ணு ஊத்தட்டா?"

அன்று அவர் இரண்டு தோசையோடு எழுந்துவிட்டார். வழக்கம் ஏழு.

இதைப் படிக்கிறவர்கள் என்னைத் தப்பாக நினைக்கக் கூடாது. எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. இந்த மனுஷர் தன் பேட்ச்சுக்கு முன்னால், தன் வாயால், "எனக்குப் பயமாயிருக்கு" என்று சொல்ல வேண்டும். அதற்குள் நான் "வேண்டாம்" என்று ஒரு வார்த்தை சொன்னால் அவர் ஜெயித்தார். சாகும்வரைக்கும் நான் கொடுமைக்காரி. சொல்லாவிட்டால், ரோஷத்தில் நிஜமாகவே குதித்துத் தொலைத்தாலும் தொலைப்பார். அப்படிக் குதிக்கிறவர் முழுசாகத் திரும்பி வரவும் வேண்டும். ஆகவே, குதிக்கிற இடத்தை நானே தேர்ந்தெடுப்பது என்று முடிவு செய்தேன்.

பாலமுருகன் முதலில் பேசி வைத்திருந்தது மலைமேல் யாரோ வாடகைக் கிரேன் வைத்து நடத்துகிற இடம். நானே போன் போட்டேன்.

"உங்க கயிறு இதுவரைக்கும் எத்தனை பேரைத் தாங்கியிருக்கு?"

"நெறைய பேருக்கா."

"நெறையன்னா?"

"எக்கச்சக்கம்க்கா."

"எழுதி வெச்சிருக்கீங்களா?"

"கவுத்துக்கு எதுக்குக்கா எழுத்து? அறுந்தா மாத்திடுவோம்."

அறுந்தால் மாற்றுவார்களாம்! கயிற்றை மாற்றலாம். கயிற்றின் முனையில் இருந்தவரை? அவரையும் புதுசாக மாற்றிக் கொடுப்பார்களா? யோசித்துப் பார்த்தால் சில பெண்களுக்கு அது நல்ல திட்டம்தான். போனை வைத்துவிட்டேன்.

இரண்டாவது இடம், ஜமுனாமரத்தூரைத் தாண்டி ஒரு தனியார் தோட்டத்தில் எழுப்பியிருந்த இரும்புக் கோபுரம். அங்கே பாதுகாப்புக்குப் பொறுப்பு காவியா என்று ஒரு பெண். முப்பது வயது இருக்கும். முக்கால் மணி நேரம் அந்தப் பெண்ணின் காதைக் குடைந்தேன். ஒவ்வொருத்தர் எடைக்கும் ஏற்றபடி வேறு வேறு கயிறாம். எடை தப்பினால் கயிறு தப்பும், கயிறு தப்பினால் எல்லாம் தப்பும். ஒவ்வொரு குதியையும் நோட்டில் எழுதி, கணக்கு முடிந்ததும், நன்றாக இருந்தாலும் கயிற்றைக் கழித்துவிடுவார்களாம். கணுக்காலில் ஒரு கட்டு, இடுப்பில் ஒரு கட்டு. ஒருத்தர் மாட்டியதை இன்னொருத்தர் சரிபார்ப்பார். பனிமூட்டமோ காற்றோ அதிகமானால் அன்றைக்குக் குதியே கிடையாது. பிரஷர், இதயக் கோளாறு, கண் அழுத்தம், முதுகில் டிஸ்க், சமீபத்தில் ஆபரேஷன், இவர்களுக்கெல்லாம் கண்டிப்பாக அனுமதியில்லை. கோபுரத்தடியில் ஆம்புலன்ஸ் நிற்கும்.

"இவ்ளோ விவரமா யாருமே கேட்டதில்ல மேடம்," என்றாள் காவியா. "ரீல்ஸ் எடுக்க நல்ல இடம் எதுன்னுதான் கேப்பாங்க."

பாலமுருகனிடம் சொல்லி இடத்தை மாற்ற வைத்தேன். "ரொம்ப சேஃப்ங்க," என்று இவரிடம் சந்தோஷமாகச் சொன்னேன். ஏதோ எழவுச் செய்தி கேட்ட மாதிரி தலையாட்டினார்.

பிறகு விண்ணப்பம் வந்தது. அதில் வீட்டார் ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும். அந்த வரியைப் பார்த்ததும் இவர் முகத்தில் பழைய வெளிச்சம். குளித்து, விபூதி பூசி, காகிதத்தை என் முன்னால் தாம்பூலத் தட்டு மாதிரி நீட்டினார்.

"நல்லா படிச்சுப் பாரு ரேணு. எது நடந்தாலும் அவங்க பொறுப்பில்லன்னு போட்டிருக்கான். எது நடந்தாலும்! நீ போட மாட்டேன்னா நான் ஒண்ணும் நெனைச்சுக்க மாட்டேன்."

"எங்க கையெழுத்துப் போடணும்?"

கான்வென்ட்டில் கர்சிவ் எழுத்துக்கு நான் பரிசு வாங்கியவள். வளைவு நெளிவோடு அழகாகப் போட்டுக் கொடுத்தேன்.

அடுத்தது டாக்டர் சர்டிபிகேட். அன்று காலை இவர் மூன்று டம்ளர் டிகிரி காப்பி குடித்து, எலுமிச்சை ஊறுகாயைத் தயிர் மாதிரி அள்ளி அள்ளிச் சாப்பிட்டார். ஆஸ்பத்திரி மாடிப்படியை இரண்டு தடவை ஏறி இறங்கினார். டாக்டர் கையில் பட்டையைச் சுற்றி பிரஷர் பார்த்துவிட்டு, "நூத்து முப்பதுக்கு எம்பத்து நாலு. காப்பி குடிச்சீங்களா? அதுக்கே இவ்ளோதான்னா, நல்ல உடம்பு சார்," என்றார். ஃபெயிலான பையன் மாதிரி வெளியே வந்தார்.

அப்போதுதான் விண்ணப்பத்தின் மூலையில் ஒரு வரி இவர் கண்ணில் பட்டிருக்க வேண்டும். எடை: நாற்பது கிலோ முதல் தொண்ணூற்றைந்து கிலோ வரை மட்டும்.

எனக்கு முதலில் புரியவில்லை. வீட்டில் திடீரென்று தோசை பத்தாயிற்று. சாதம் மூன்றாம் தடவை வந்தது. மண்டியிலிருந்து வரும்போது சட்டையில் பரோட்டா வாசனை. "குதிக்கறதுக்குத் தெம்பு வேணும்ல," என்றார். பாவம், பயத்தில் சாப்பிடுகிறார் என்று நானும் நெய் ஊற்றினேன். இரக்கப்பட்டேன்! அந்த நெய்யை நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது.

மண்டியில் சாக்கு தைக்கிற குப்பம்மாதான் விஷயத்தை உடைத்தாள். காய்கறி வாங்கப் போனபோது கடைவீதியில் பிடித்துக்கொண்டாள்.

"யம்மா, ஐயாவுக்கு ஒடம்பு கிடம்பு சரியில்லியா?"

"ஏன் குப்பம்மா?"

"தெனிக்கும் மதியம் மூட்டை நிறுக்கற மிஷின்மேல ஏறி நிக்கறாரு. நம்பரப் பாத்துட்டு, 'இன்னும் ரெண்டு, இன்னும் ரெண்டு'ன்றாரு. அப்பால ஒரு டசன் வாழப்பயம் வாங்கியாரச் சொல்றாரு."

எப்படி இருக்கிறது கதை! என் கையால் சமைத்ததைச் சாப்பிட்டு, எனக்கு எதிராகவே எடை ஏற்றுகிறார்! தொண்ணூற்று ஒன்றில் ஆரம்பித்தவர் அன்றைக்குத் தொண்ணூற்று மூன்று. குதிக்கும் நாளுக்குப் பன்னிரண்டு நாள் பாக்கி.

அன்று முதல் வீட்டில் சாமைக் கஞ்சி. மலையில் விளைந்த அசல் சாமை. தொட்டுக்கொள்ளக் கீரை.

"இன்னாமே இது, ஆஸ்பத்திரி சாப்பாடு மாதிரி?"

"குதிக்கறதுக்கு முன்னாடி வயிறு லேசா இருக்கணும்னு காவியா சொல்லிச்சு."

"பன்னெண்டு நாளா லேசா இருக்கணும்?"

"நூத்தம்பது அடிங்க. சும்மாவா?"

பஸ் ஸ்டாண்டு பரோட்டாக் கடைக்காரரிடமும் ஒரு வார்த்தை சொல்லி வைத்தேன். டாக்டர் உத்தரவு என்று. இதில் பாதி பொய். மீதியும் பொய்தான். ஆனால் எடை தொண்ணூற்று இரண்டுக்கு இறங்கிற்று என்று குப்பம்மா தகவல் தந்தாள். வாழைப்பழத்தையும் அவளே பாதி சாப்பிட்டுவிடுகிறாளாம். நல்லவள்.

தை மாசம் கடைசி ஞாயிறு. வேன் வாசலில் வந்து நின்றது. நானும் புடவை கட்டிக்கொண்டு தயாராக நின்றேன்.

"நீ எங்கமே வர்ற?"

"நீங்க குதிக்கறதப் பாக்க வேணாமா? கையெழுத்துப் போட்டவளாச்சே."

இவர் போட்டிருந்த ஜெர்கினில் எத்தனை பாக்கெட் என்று எண்ணிப் பார்க்க எனக்கு அப்போது தோன்றவில்லை. மலையில் குளிரும் என்றார். நம்பினேன். வேனில் ஆறு ஆண்களும் முதல் கொண்டை ஊசி வளைவு வரைக்கும் பாட்டுப் பாடினார்கள். ஐந்தாவது வளைவில் பாட்டு நின்றது. ஏழாவதில் விஜயராஜ் ஜன்னல் பக்கம் போனார்.

கோபுரம் நிஜமாகவே உயரம். அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலித்தது. மேலே நின்ற ஆள், சோளக்கொல்லைப் பொம்மை மாதிரி தெரிந்தான். கீழே ஒரு கொட்டகை. அதில் எடை மிஷின். பக்கத்தில் காவியா, நோட்டும் பேனாவுமாக. எடையைப் பார்த்து, குதிக்கிறவர் உள்ளங்கையில் மார்க்கரால் எழுதிவிடுவாள். அந்த எண்ணைப் பார்த்துத்தான் மேலே கயிறு மாட்டுவார்கள்.

முதலில் இவரையே ஏறச் சொன்னார்கள். ஏறினார். தொண்ணூற்று ஆறு புள்ளி நாலு.

"சாரி சார். தொண்ணூத்தஞ்சுக்கு மேல அனுமதி இல்ல."

"ச்சே!" என்று நெற்றியில் அடித்துக்கொண்டார் பாருங்கள், அப்படி ஒரு நடிப்பு! "எவ்ளோ ஆசையா வந்தேன்! ஒரே ஒரு கிலோதாம்மா. அட்ஜஸ்ட் பண்ணக் கூடாதா? கூடாதா? சரி, ரூல்ஸுன்னா ரூல்ஸுதான். வுடு."

பாலமுருகன் வந்து தோளைத் தட்டினார். எல்லாரும் உச்சுக் கொட்டினார்கள். என் வீட்டுக்காரர் தோற்ற வீரனாகத் தலைகுனிந்து மிஷினிலிருந்து இறங்கினார். நேற்றுவரை தொண்ணூற்று இரண்டு. ஒரு ராத்திரியில் நாலரைக் கிலோ எங்கிருந்து வந்தது? அப்போது மலைக்காற்று ஒன்று வீசிற்று. காவியாவின் துப்பட்டா பறந்தது. பாலமுருகன் சட்டை படபடத்தது. என் முந்தானை ஆடிற்று. இவருடைய ஜெர்கின் மட்டும் அசையவில்லை. இரும்புக் கதவு மாதிரி நேராகத் தொங்கிற்று.

எங்கள் மண்டியில் ஒரு வழக்கம் உண்டு. மூட்டையை நிறுத்ததும், சாக்கின் எடையைக் கழித்த பிறகுதான் சீட்டில் எழுதுவார்கள். சாக்குக் கழிவு என்று பேர். விவசாயி அழுதாலும் சரி, மாமனாரே மூட்டை கொண்டுவந்தாலும் சரி, இவர் அதில் ஒரு கிராம் விட்டதில்லை.

"காவியா, கொஞ்சம் இரும்மா," என்றேன். "சார் மண்டிக்காரர். சாக்குக் கழிவு போடாம எடை எழுதறது எங்க வழக்கமில்ல."

"ரேணு, வேணாம்," என்றார் இவர், உதடு அசையாமல்.

"ஜெர்கினக் கழட்டுங்க."

"குளுருதுமே."

"வேர்க்குதே உங்களுக்கு."

காவியாவே வந்து வாங்கினாள். வாங்கிய கை சட்டென்று கீழே போயிற்று. உள்பாக்கெட்டில் ஒரு கிலோ எடைக்கல். இன்னொரு உள்பாக்கெட்டில் இன்னொரு கிலோ. பேன்ட் பாக்கெட்டில், கைக்குட்டையில் சுற்றி, அரைக் கிலோ. மேஜைமேல் வரிசையாக வைத்தாள். எல்லாம் அரசாங்க முத்திரை குத்தின, சரியான எடைக்கற்கள். எடை விஷயத்தில் என் வீட்டுக்காரர் நேர்மையானவர், அதைச் சொல்லத்தான் வேண்டும்.

காவியாவுக்கு முகம் சிவந்துவிட்டது. "என்ன சார் இது? ஒருவேளை நான் அனுமதிச்சிருந்தா? இந்த எடைக்குக் கயிறு மாட்டியிருப்போம். தலைகீழா போகும்போது இதெல்லாம் கீழ நிக்கறவங்க தலையில விழுந்திருக்கும். விளையாட்டா?"

அவள் கேட்டது எனக்கே அதுவரை தோன்றாத கேள்வி. இவர் செருப்பையும் பெல்ட்டையும் கழற்றிவிட்டு மறுபடி ஏறினார். தொண்ணூற்று இரண்டு புள்ளி மூன்று. காவியா அதை உள்ளங்கையில் எழுதினாள். இனி எந்தக் கதவும் இல்லை.

ஹெல்மெட் மாட்டினார்கள். இடுப்புப் பட்டையை இறுக்கினார்கள். இவர் முதல் படியில் கால் வைத்துவிட்டு, திரும்பி என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் கல்யாண மேடையில்கூடப் பார்த்ததில்லை. 'சொல்லு ரேணு. ஒரே ஒரு தடவ வேணாம்னு சொல்லு' என்று கெஞ்சியது. பேட்ச் முழுக்க என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றது.

உண்மையைச் சொல்கிறேன். என் வாய் திறந்தேவிட்டது. தொண்டை வரைக்கும் 'வேணாங்க' வந்துவிட்டது. கோவா ஞாபகம் வந்திராவிட்டால் வெளியேயும் வந்திருக்கும்.

"ஹெல்மெட் பக்கிள் சரியா இருக்கா, இன்னொரு தடவ பாத்துக்கங்க," என்றேன்.

இவர் படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"டேய், எனக்குப் பயமாயிருக்குடா," என்றார். "கோவாவுக்கும் நான்தான்டா பயந்தேன். படகுக்கும் நான்தான். அவ ஒண்ணுமே சொல்லலடா. அவளுக்குத் தெரியவே தெரியாது."

இருபத்தெட்டு வருஷத்துப் பழி இறங்கிற்று. தலை நிமிர்ந்து அந்த ஐந்து பேரையும் ஒரு பார்வை பார்த்தேன். வெட்கப்பட்டு மன்னிப்புக் கேட்பார்கள் என்று காத்திருந்தேன். விஜயராஜ் பெரிதாக ஒரு மூச்சு விட்டார்.

"யப்பா! நீயே சொல்லிட்டியா? எனக்கு வேன்லயே கால் ஆடிச்சுடா."

"எனக்கும்தான்," என்றார் இன்னொருவர்.

"உன் வூட்டம்மா எப்பிடியும் தடுத்துடுவாங்க, ட்ரிப்பே கேன்சலாயிடும்னு தைரியமா பேர் குடுத்தோம்," என்றார் பாலமுருகன். பிறகு என் பக்கம் திரும்பி, "நீங்களே கையெழுத்துப் போட்டுட்டா நாங்க இன்னாதான் பண்றது, சிஸ்டர்? உங்கள நம்பித்தானே இருந்தோம்?" என்று என்னையே குறை சொன்னார்!

நீங்களே சொல்லுங்கள், இதைக் கேட்டால் ரத்தம் கொதிக்குமா கொதிக்காதா? ஒருத்தர் அல்ல, ஒரு பேட்ச்சே என் முந்தானைக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறது! "ஆம்பளைங்களா நீங்க?" என்று ஆரம்பித்தேன். "வாய் மட்டும் இமயமலை வரைக்கும் போகுது. கயிறு நல்ல கயிறு. கோபுரம் நல்ல கோபுரம். ஆம்புலன்ஸ் நிக்குது. பயப்பட இதுல இன்னா இருக்கு?" மூச்சு வாங்கும் வரை பேசினேன். நன்றாகவே பேசினேன். தோட்டத்து வேலைக்காரர்கள்கூட வேலையை விட்டுவிட்டுக் கேட்டார்கள்.

பேசி முடித்ததும் காவியா கை தட்டினாள்.

"சூப்பர் மேடம்! ஆறு பேருக்கும் சேர்த்து நீங்க ஒருத்தரே போதும். உங்களுக்கு பிரஷர் இல்லன்னு அன்னிக்கு போன்லயே சொன்னீங்க. வாங்க, எடை பாத்துடலாம்."

எல்லாரும் கை தட்டினார்கள். விஜயராஜ் விசில்கூட அடித்தார். நான் அண்ணாந்து பார்த்தேன். சோளக்கொல்லைப் பொம்மை மேலிருந்து எனக்குக் கையாட்டிற்று. அப்போது என் வாய், என்னைக் கேட்காமல், தானாகவே ஒன்று சொல்லிற்று.

"இல்லம்மா... எங்க வூட்டுக்காரர் வுட மாட்டாரு."

படியில் உட்கார்ந்திருந்தவர் மெதுவாக எழுந்தார். ஹெல்மெட்டைக் கழற்றித் துடைத்து, என் தலையில் பதமாக வைத்தார். பிறகு காவியாவின் பேனாவுக்குக் கையை நீட்டினார்.

"நான் அப்பிடிப்பட்ட ஆளே இல்லம்மா. அவ தாராளமா குதிக்கட்டும். எங்க கையெழுத்துப் போடணும்?"